பாதில விட்ட டிகிரிய பல வருஷம் கழிச்சு முடிக்க முடியுமா? இந்த வயசுல மண்டைல ஏறுமா? வேலைல ஏதாவது பிரயோஜனம் இருக்குமா?

நீங்க கடைசி வருஷம் வரைக்கும் வந்து, அங்க படிப்ப விட்டவர்னு வச்சிக்கிறேன். முதல் வருஷத்துலயே பிடிக்காம ஓடினவங்க இந்தக் கேள்விய கேக்க மாட்டாங்க, வேற படிப்புக்குப் போயிருப்பாங்க. நாலஞ்சு பேப்பர் பாக்கி இருக்கவங்களுக்குத்தான் இது உறுத்திட்டே இருக்கும்.

மண்டைல ஏறும், அதுல சந்தேகமே வேணாம். என் அனுபவத்துல மண்டை ரெண்டாவது பிரச்சனைதான், முதல் பிரச்சனை ஆபீஸ் கவுண்டர்.

நான் விட்டது கணிதம். அப்பாவுக்கு உடம்பு முடியாம போச்சு, வீட்டுல சம்பாதிக்க ஆள் வேணும், அரியர வச்சிட்டு அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போயிட்டேன். (தியாகம் அது இதுன்னு நான் எங்கயும் சொன்னதில்ல, கமெண்ட்ல யாரும் கண்ணீர் விட வேணாம்.) பையன் கொஞ்சம் பெரியவனாகி என் கைல நேரம்னு ஒண்ணு வந்தப்பதான் போய் விசாரிச்சேன். ஒரு கவுண்டர்ல "காலக்கெடு முடிஞ்சிருச்சு, முடியாது"ன்னாங்க, அடுத்ததுல "முதல் வருஷத்துலருந்து சேருங்க"ன்னாங்க, அதுக்கப்புறம் ஒரு அம்மாதான் விதிமுறை புத்தகத்த எடுத்து பிரிச்சுப் பாத்து, சிலபஸ் மாறிருக்கு, பழைய பேப்பருக்கு ஈடா இந்தந்த புது பேப்பர் எழுதலாம்னு சொன்னாங்க. மூணு பேரும் ஒரே கட்டடம், ஒரே சம்பளம் வாங்குறவங்க! அதனால நீங்க கேக்க வேண்டியது இதுதான்: உங்க பதிவு இன்னும் உயிரோட இருக்கா, பாஸ் பண்ணின பேப்பரெல்லாம் செல்லுமா இல்ல அதுக்கும் காலக்கெடு இருக்கா, பழைய இன்டர்னல் மார்க்க அப்படியே எடுத்துக்குவாங்களா, சிலபஸ் மாறியிருந்தா எந்த பேப்பருக்கு எது ஈடு. இடத்துக்கு இடம் விதி மாறும், அதனால பதில எழுத்துல, இல்லன்னா மெயில்லயாவது வாங்கி வச்சிக்கோங்க, வாயால சொன்னவங்க நீங்க பணம் கட்டப் போற அன்னைக்கு சீட்டுல இருக்க மாட்டாங்க.

சரி படிப்புக்கு வரேன். ரியல் அனாலிசிஸ்தான் (கால்குலஸ நிரூபணத்தோட படிக்கிற பேப்பர்) கொல்லும்னு பயந்துட்டு இருந்தேன், அதுல வர்ற எப்சிலான் டெல்டா நிரூபணமெல்லாம் மெதுவா ஒழுங்காத்தான் வந்துச்சு. காலை வாரினது ஸ்கூல் அல்ஜீப்ரா! சமனின்மைய மைனஸால பெருக்கினா குறி திரும்பும்ல, அது சுத்தமா போச்சு, லாக் விதி போச்சு, பார்ஷியல் ஃப்ராக்ஷன் எப்படிப் பிரிக்கிறதுன்னே தெரியல. பெரிய தேற்றத்தோட நிரூபணம் புரியுது, ஆனா நடுவுல ஒரு வரிலருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனான்னு புரியல. பையனோட ஸ்கூல் புத்தகத்த எடுத்து வச்சுப் போட்டேன், யாராவது பாத்தா அவனுக்கு சொல்லிக் குடுக்குறேன்னு நெனச்சிக்குவாங்க, அது ஒரு வசதி. உங்க சப்ஜெக்ட் எதுவானாலும் விட்ட இடத்துலருந்து தொடங்காம அதுக்கு ரெண்டு படி கீழருந்து தொடங்குங்க, அது அசிங்கமில்ல.

மறந்ததெல்லாம் முழுசா அழிஞ்சு போறதும் இல்ல. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகள தானே மனப்பாடம் பண்ணி, மறந்து, திரும்பப் படிச்சு, எவ்ளோ நேரம் ஆகுதுன்னு கணக்கெடுத்து 1885ல வெளியிட்டார். மறந்துட்டோம்னு நெனைக்கிறதக்கூட ரெண்டாவது தடவ படிக்கும்போது நேரம் கம்மியாத்தான் ஆகுதுங்கறது அதுல முக்கியமான விஷயம். எனக்கும் அப்படித்தான், முதல் சில வாரம் சுவத்துல முட்டின மாதிரி இருந்துச்சு, அப்புறம் திடீர்னு வேகம் எடுத்துருச்சு. திரும்பத் திரும்ப வாசிக்கிறத விட புத்தகத்த மூடி வச்சிட்டு வெத்துத் தாள்ல எழுதிப் பாருங்க, எது தெரியல்லன்னு அப்பத்தான் தெரியும்.

எழுதிப் பாருங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் கை. வருஷக்கணக்கா கீபோர்டுல தட்டின கை மூணு மணி நேரம் பேனா பிடிச்சா என்ன ஆகும்னு யாருமே சொல்றதில்ல. எனக்கு பாதி பேப்பர்லயே கட்டைவிரல் மரத்துப் போச்சு. அதுலயும் நான் இடது கைக்காரி. பரீட்சை ஹால்ல எழுதுற பலகை ஒட்டின நாற்காலி போடுறாங்க பாருங்க, அந்தப் பலகை எப்பவுமே வலது பக்கம்தான்! உடம்ப முறுக்கிக்கிட்டு எழுதணும், எழுதின மை கைல ஒட்டும், பக்கத்து ஆள எட்டிப் பாக்குறோம்னு சூப்பர்வைசர் வேற முறைப்பார். கத்தரிக்கோல் வலது கைக்கு, சுருள் நோட்டுல கம்பி இடிக்கிறது எங்களுக்கு. ஒரு ஹாலுக்கு ரெண்டு இடது பக்க நாற்காலி போட்டா என்ன குறைஞ்சு போயிரும்? இத எழுதிக் குடுத்தேன், இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல. கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா வேற எங்க போய் சொல்றது.

வயசு பத்தி ஒரு வார்த்தை. குயின் இசைக்குழுவுல கிதார் வாசிக்கிற பிரையன் மே 1970ல தொடங்கின பிஎச்டிய 1974ல விட்டுட்டு 2007ல முடிச்சார், சூரிய மண்டலத்துல இருக்க தூசியப் பத்தின ஆராய்ச்சி. உடனே "அவர்கிட்ட காசு இருந்துச்சு"ம்பீங்க, ஆமா இருந்துச்சு, ஒத்துக்குறேன். அப்ப இங்கபோர்க் ராப்போபோர்ட்ங்கற ஜெர்மன் டாக்டரம்மாவ எடுத்துக்கோங்க, அவங்க தானா விடவே இல்ல, டிப்தீரியா (தொண்டை அடைப்பான் நோய்) பத்தி டாக்டர் பட்ட ஆய்வு எழுதியும், தாய் யூதர்ங்கறதுக்காக 1938ல நாஜி ஆட்சில ஹாம்பர்க்ல வாய்மொழித் தேர்வுக்கே விடல. 2015ல, 102 வயசுல அந்தத் தேர்வ முடிச்சாங்க. கண்பார்வை மங்கிட்டதால இடைப்பட்ட காலத்துல டிப்தீரியா ஆராய்ச்சில என்னென்ன வந்துருக்குன்னு தெரிஞ்சவங்க தேடிப் படிச்சு சொல்லியிருக்காங்க. எல்லாராலயும் முடியும்னு நான் சொல்லல, கைக்குழந்தையோட ரெண்டு ஷிஃப்ட் பாக்குறவங்ககிட்ட போய் இந்தக் கதைய சொன்னா அடிப்பாங்க. வயச மட்டும் காரணமா சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்.

வேலைல பிரயோஜனமான்னு கேட்டீங்க. எனக்கு இல்ல. சர்டிபிகேட் காப்பிய எச்ஆர்ல குடுத்தேன், ஃபைல்ல போட்டுக்கிட்டாங்க, சம்பளம் அப்படியேதான் இருக்கு. நான் வேலை கத்துக் குடுத்த பையன்தான் எனக்கு மேலாளர், டிகிரி இல்லன்னு அன்னைக்கு என்ன ஒதுக்கினவங்க இப்ப "அனுபவம் வேற ஃபீல்டு"ங்கறாங்க. பிரமோஷன் மட்டும்தான் உங்க நோக்கம்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி உங்க கம்பெனி விதிய படிச்சிருங்க. டிகிரிலாம் வேஸ்ட், ஸ்கில் போதும்னு கமெண்ட் போட வர்றவங்க தாராளமா போடுங்க, நான் பதில் சொல்றதா இல்ல, அடுத்து எம்எஸ்சிக்கு அப்ளிகேஷன் ஃபில் பண்ணிட்டு இருக்கேன்.