ட்ரக்கியாஸ்டமி ட்யூப்பில் எது நல்லது? வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: அப்பாவுக்குக் கழுத்தில் ட்ரக்கியாஸ்டமி (மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் வைப்பது) போட்டிருக்கிறார்கள், அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். சிலர் வெள்ளி ட்யூப்தான் நல்லது என்கிறார்கள், சிலர் பிளாஸ்டிக் என்கிறார்கள். எதைக் கேட்டு வாங்குவது? வீட்டில் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். நான் நர்ஸ் இல்லை. காசிமேட்டில் என் மாமனாரைத் தொண்டைப் புற்றுநோய்க்குப் பிறகு இந்த ட்யூப்போடு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள், அவ்வளவுதான்.

எது நல்லது என்பதை விடுங்கள். அப்பாவுக்கு இப்போது போட்டிருப்பது எது என்று முதலில் பாருங்கள். ட்யூப்பிலிருந்து மெல்லிய குழல் ஒன்று தொங்கி, அதன் நுனியில் குட்டி பலூன் இருந்தால் அது கஃப் உள்ள ட்யூப். உள்ளே மூச்சுக்குழாயில் இன்னொரு பலூன் உப்பி, சுற்றி இருக்கும் இடைவெளியை அடைத்திருக்கும். வெண்டிலேட்டரில் இருப்பவருக்கும், எச்சில் புரையேறி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உள்ளவருக்கும் அது தேவை. அந்த பலூனின் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவுக்குள் இருக்க வேண்டும். கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணாகும். விரலால் அமுக்கிப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, அதற்கென்று ஒரு மீட்டர் இருக்கிறது. தானாக மூச்சு விடுகிறவரை வீட்டுக்கு அனுப்பும்போது பெரும்பாலும் கஃப் இல்லாத ட்யூப்புக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்தது உள் ட்யூப், அதாவது வெளி ட்யூப்புக்குள் செருகியிருக்கும் இன்னொரு குழாய். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. சளி காய்ந்து அடைத்துக்கொண்டால் உள் ட்யூப்பை மட்டும் உருவி எடுத்துவிடலாம், வெளி ட்யூப் வழியாக மூச்சு ஓடும். ஒற்றைக் குழாயாக இருக்கும் பிளாஸ்டிக் ட்யூப்பில் இந்த வசதி கிடையாது. வெள்ளி ட்யூப்புக்கு ஆதரவு வருவதே இதனால்தான்: உள் ட்யூப் உண்டு, கழுவிக் கொதிக்க வைத்துப் பல காலம் பயன்படுத்தலாம். ஆனால் ஜாக்சன் என்ற பழைய உலோக மாடலில் ஆம்பு பையையோ (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) வெண்டிலேட்டரையோ மாட்ட முடியாது. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் அது கழுத்தில் இருக்கக் கூடாது. கழுத்தில் ரேடியேஷன் கொடுப்பதாக இருந்தாலும் பிளாஸ்டிக்குக்கு மாற்றுவார்கள். என் மாமனாருக்கு அப்படித்தான் மாற்றினார்கள். உள் ட்யூப் உள்ள பிளாஸ்டிக்கும் கிடைக்கிறது, விலைதான் கூட. சைஸ் கழுத்துத் தகட்டிலேயே இருக்கும். பிளாஸ்டிக்கில் 7, 7.5, 8 என்று போட்டிருக்கும், உலோகத்தில் 28, 30, 32 என்று வேறு கணக்கு. சர்ஜிகல் கடையில் குழம்பாமல் இருக்க அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை வைத்த ட்யூப், பேச உதவும் வால்வு எல்லாம் டாக்டர் சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: கஃப் உப்பியிருக்கும்போது பேச்சு வால்வைப் போடவே கூடாது. மூச்சு உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது.

உள் ட்யூப்பைக் கழுவுவது பழகினால் பல் தேய்க்கிற மாதிரிதான். ஒரு கையால் வெளித் தகட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பூட்டைத் திருப்பி, ட்யூப் வளைந்திருக்கும் போக்கிலேயே உருவ வேண்டும். உலோகமானால் சோடா உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை வழியே பாருங்கள். சளிப் படலம் ஒட்டியிருந்தால் அப்போதுதான் தெரியும். கொதிக்க வைத்திருந்தால் நன்றாக ஆறிய பிறகே போட வேண்டும். பிளாஸ்டிக்கைக் கொதிக்க வைக்காதீர்கள், அதற்கு ஆஸ்பத்திரியில் சொன்ன முறை மட்டும். உள் ட்யூப்பை வெகுநேரம் வெளியே வைத்திருந்தால் வெளி ட்யூப்பில் சளி படிய ஆரம்பித்துவிடும்.

அடுத்தது சக்ஷன், அதாவது மெஷினில் மாட்டிய மெல்லிய பைப்பால் சளியை உறிஞ்சி எடுப்பது. பைப்பை ட்யூப்புக்குள் விடும்போது உறிஞ்ச விடக் கூடாது. வெளியே இழுக்கும்போது மட்டும், அதுவும் 10, 15 விநாடிக்குள். பைப்பின் வெளி அகலம் ட்யூப்பின் உள் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எங்கள் பக்கம் மிக்ஜாம் புயலின்போது பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் மெஷினோடு, காலால் மிதிக்கும் சக்ஷன் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

மூக்கு செய்யும் வடிகட்டும் வேலையும் ஈரப்படுத்தும் வேலையும் இப்போது இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி நேராக நுரையீரலுக்குத்தான் போகும். ட்யூப் முன்னால் ஈரக் காஸ் துணியை (புண்ணுக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணி) தளர்வாகத் தொங்கவிடுங்கள். கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி இரண்டையும் நிறுத்துங்கள் (என் மாமியாரைச் சம்மதிக்க வைப்பது சக்ஷனைவிடக் கஷ்டமாக இருந்தது). போகியன்று ஜன்னலைத் திறக்காதீர்கள். குளியல் தோளுக்குக் கீழேதான்.

குரல் வராது என்பதால் கூப்பிட ஒரு மணி கொடுங்கள். என் மாமனார் எவர்சில்வர் டம்ளரால் கட்டிலைத் தட்டுவார், தெருவுக்கே கேட்கும்.

மூச்சு திணறினால் முதலில் உள் ட்யூப்பை எடுங்கள், அப்புறம் சக்ஷன். சரியாகவில்லை என்றால் உடனே 108. கழுத்தில் ட்யூப் இருக்கிறது என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். ட்யூப் முழுதாக வெளியே வந்துவிட்டாலும், புது ரத்தம் கொஞ்சம் வந்தாலும் காத்திருக்காதீர்கள். அதே சைஸில் ட்யூப் ஒன்று, ஒரு சைஸ் சிறியது ஒன்று, நாடா, கத்தரிக்கோல் எல்லாம் ஒரே பையில் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். நாடாவை மாற்றும்போது இன்னொருவர் ட்யூப்பைப் பிடித்துக்கொள்ளட்டும்.

டிஸ்சார்ஜுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, அதுவரை சக்ஷனையும் கழுவுவதையும் நீங்களே செய்யுங்கள், சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். வீட்டில் இன்னொருவரையும் கூட்டிப்போய்ப் பழக்கிவிடுங்கள்.