மலிவு விலை டேப்லெட்: பெட்டியின் மேல் அச்சிடாத குறைகள்

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பாடநூல்களின் பிடிஎஃப் கோப்புகளைப் படிக்கவும் காணொளி வகுப்புகளைப் பார்க்கவும் ஒரு டேப்லெட் வாங்கித் தர எண்ணியுள்ளேன். 12,000 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. "8 ஜிபி ரேம்" என்று விளம்பரப்படுத்தப்படும் 8.7 அங்குல டேப்லெட் ஒன்று இந்த விலைக்குள் கிடைக்கிறது. வாங்கலாமா?
— வாசகி, தென்காசி

பதில்: கடைக்குச் செல்வதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனையைச் செய்து பார்த்துவிடுங்கள். பழைய செய்தித்தாளில் 11 சென்டிமீட்டர் அகலமும் 19 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டை வெட்டி, உங்கள் மகளின் பாடநூலைத் திறந்து ஒரு பக்கத்தின் மேல் வையுங்கள். 8.7 அங்குலத் திரை என்பது ஏறத்தாழ அந்தத் துண்டின் அளவுதான். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். அந்த அகலத்தில் அமைந்த ஒரு பக்கம் இந்தத் திரைக்குள் முழுமையாக அடங்க வேண்டுமானால் பாதியளவுக்குச் சுருங்கியாக வேண்டும். அச்சில் 11 புள்ளி அளவில் உள்ள எழுத்து 6 புள்ளி அளவுக்கு இறங்கிவிடும். பெரிதாக்கிப் படிக்கலாம் என்பீர்கள். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டு வேதியியல் படிக்கும் பிள்ளை, மூன்றாம் நாளே அச்சு நூலுக்குத் திரும்பிவிடும். 11 அங்குலத் திரையின் அகலம் 15 சென்டிமீட்டரை ஒட்டி வருகிறது. அதிலும் பக்கம் சுருங்கவே செய்யும், ஆயினும் வாசிக்க முடியும்.

அளவுக்கு அடுத்தது திரையின் தெளிவு. விலை குறைந்த டேப்லெட்டுகளில் உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் முதலில் கைவைக்கும் இடம் இதுதான். 10.1 அங்குலத் திரையில் 1280×800 பிக்சல் (படத்தை உருவாக்கும் ஒளிப்புள்ளி) மட்டுமே இருந்தால், ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல்தான் தேறும். அதே அளவுத் திரையில் 1920×1200 இருந்தால் 224 கிடைக்கும். நாம் அன்றாடம் பார்க்கும் சாதாரணக் கைப்பேசியிலேயே பெரும்பாலும் 260-க்குக் குறைவதில்லை. ஆங்கில எழுத்துகளைவிடத் தமிழ் எழுத்துகளில் சுழிகளும் வளைவுகளும் மிகுதி என்பதால், தெளிவு குறைந்த திரையில் ணகரமும் னகரமும் ஒன்றுபோலத் தோன்றுவதும், மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப்போவதும், வேதியியல் வாய்ப்பாட்டில் கீழே எழுதும் சிற்றெண் கரைந்துபோவதும் இயல்பு. பெட்டியின் மேல் "எச்டி திரை" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதை நம்பி மகிழ வேண்டாம். பிக்சல் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

இனி அந்த 8 ஜிபி ரேம், அதாவது செயலிகள் இயங்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம். விளம்பரத்தின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அளவில், "4 ஜிபி + 4 ஜிபி" என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உண்மையான ரேம் 4 ஜிபி மட்டுமே. மீதி 4 ஜிபி என்பது சேமிப்பகத்திலிருந்து கடனாக எடுத்த இடம். படிக்கும் மேசையில் இடம் போதாமல் சில புத்தகங்களைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு, மேசையே இரு மடங்கு பெரிதாகிவிட்டது என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். வேண்டும்போது ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும். அந்தச் சேமிப்பகமும் இந்த விலையில் பெரும்பாலும் இஎம்எம்சி வகையாகவே இருக்கும். அதைவிட வேகமான யுஎஃப்எஸ் வகை, பழைய பதிப்பானாலும், வாசிக்கும் வேகத்தில் அதைப் போல் மூன்று நான்கு மடங்கு. ஒரு செயலியைத் தொட்டபின் அது திறப்பதற்குள் நாம் பெருமூச்சு விட நேர்வதற்கு, கருவியின் மூளையான புராசஸரைப் போலவே இந்தச் சேமிப்பகமும் ஒரு காரணம்.

64 ஜிபி என்று போட்டிருந்தாலும் இயங்குதளமும் உடன் வரும் செயலிகளும் அதில் 15 ஜிபி அல்லது அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். நினைவக அட்டை போடும் வசதி இருந்தால் பாடக் கோப்புகளை அதில் வைக்கலாம். செயலிகளைப் பெரும்பாலும் அதற்கு மாற்ற இயலாது.

காணொளிக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. வைடுவைன் என்னும் காப்புரிமைப் பாதுகாப்பு முறையில் எல்1, எல்2, எல்3 என மூன்று நிலைகள் உள்ளன. சில மலிவு டேப்லெட்டுகள் எல்3 நிலையில் மட்டும் சான்று பெற்றவை; திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ போன்றவை அவற்றில் 480பி என்னும் குறைந்த தரத்தில்தான் ஓடும். யூடியூபில் உள்ள வகுப்புகளுக்கு இந்தத் தடை இல்லை. மின்னேற்றமும் பொறுமையைச் சோதிக்கக்கூடியது. 7,500 எம்ஏஎச் மின்கலத்தை 10 வாட் சார்ஜரில் நிரப்பக் கணக்குப்படியே மூன்று மணி நேரம் ஆகும். நடைமுறையில் நான்கு மணி நேரத்தை எட்டும். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே, படிப்பதற்கென்றால் அந்த 8.7 அங்குல டேப்லெட்டை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பத்து அல்லது பதினோரு அங்குலத் திரை, 1920×1200 பிக்சல், உண்மையான 4 ஜிபி ரேம் ஆகிய மூன்றையும் குறைந்த அளவாக வைத்துக்கொண்டு தேடுங்கள். இத்தகைய மாடல்கள் பண்டிகைக்காலத் தள்ளுபடியில் உங்கள் தொகையை ஒட்டி வருவதுண்டு. அச்சிட்ட பாடநூல்கள் ஏற்கெனவே மகளின் கையில் இருந்து, டேப்லெட் காணொளிக்கு மட்டும் என்றால், நான் சொன்னதில் பாதியைத் தளர்த்திக்கொள்ளலாம். கேமராவின் மெகாபிக்சல் எண்ணிக்கையை மட்டும் எந்த நிலையிலும் பொருட்படுத்தாதீர்கள்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒரு நல்ல நிறுவனத்தின் டேப்லெட், இப்போது பாதி விலைக்குக் கிடைக்கிறது. புதிய மலிவு மாடலைவிட இது மேலானதல்லவா?
— வாசகர், ஈரோடு

பதில்: உறுப்புகளை மட்டும் பார்த்தால் மேலானதாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் ஆண்ட்ராய்டு மேம்பாடுகளையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் இத்தனை ஆண்டுகள் தருவோம் என்று நிறுவனம் அளிக்கும் உறுதி, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறதே தவிர, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நாளிலிருந்து அன்று. நான்கு ஆண்டு உறுதியுள்ள பொருளை மூன்றாம் ஆண்டின் முடிவில் வாங்குபவருக்கு ஓராண்டே மிச்சம். கடையில் காட்சிக்கு வைத்துள்ள கருவியில் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைப் பாருங்கள். அது ஓராண்டுக்கு முந்தையதாக இருந்தால், எவ்வளவு தள்ளுபடி கிடைத்தாலும் தயங்குங்கள். திருத்தம் நின்ற கருவி அன்றே பழுதாகிவிடாது. ஆனால் வங்கிச் செயலிகளில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பழைய பதிப்பைக் கைவிட்டுக்கொண்டு போகும்.

கேள்வி: அப்பாவுக்காக வைஃபை மட்டும் உள்ள டேப்லெட் வாங்கலாமா, சிம் போடக்கூடியதை வாங்கலாமா? வாட்ஸ்அப்பும் பணம் செலுத்தும் செயலியும் அவருக்கு வேண்டும்.
— வாசகர், மதுரை

பதில்: யுபிஐ செயலியைப் பதிவு செய்யும்போது, வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணிலிருந்து, அதே கருவி வழியாகக் குறுஞ்செய்தி சென்றாக வேண்டும். சிம் இடமே இல்லாத டேப்லெட்டில் அந்தப் படியைத் தாண்ட முடியாது. இதை வாங்கிய பிறகு அறிந்து வருந்துவோர் பலர். என் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வாங்கித் தந்தபோது நானும் இதில் சறுக்கினேன். வாட்ஸ்அப்பை, கைப்பேசியில் உள்ள கணக்கின் துணைக் கருவியாக டேப்லெட்டில் இணைத்துக்கொள்ளலாம்; அதற்கு வைஃபை போதும். வைஃபை மட்டும் உள்ள மாடல்கள் பலவற்றில் ஜிபிஎஸ் கிடையாது என்பதால் பயணத்தில் வழிகாட்டவும் உதவாது. இவற்றைக் கருதினால் சிம் உள்ள மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சிலருக்குப் பொருத்தமே. ஆயினும் பணப் பரிமாற்றத்தை அப்பாவின் கைப்பேசியிலேயே விட்டுவிட்டு, டேப்லெட்டைப் படிக்கவும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துப் பேசவும் வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: இணையத்தில் 4,500 ரூபாய்க்குப் பெயர் தெரியாத நிறுவனத்தின் டேப்லெட் விற்கிறார்கள். பேரனுக்கு விளையாட்டுக்காகத்தானே, வாங்கினால் என்ன?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: நாம் ஒருமுறை இந்த வழியில் நடந்து பார்த்திருக்கிறோம். 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்கென ஆகாஷ் டேப்லெட்டை அறிமுகப்படுத்தியபோது, ஏறத்தாழ 2,250 ரூபாய் என்ற விலையை உலகமே வியந்தது. 366 மெகாஹெர்ட்ஸ் புராசஸர், 256 எம்பி ரேம், விரலால் அழுத்தினால் மட்டுமே உணரும் வகைத் தொடுதிரை ஆகியவற்றோடு வந்த அந்தக் கருவி, கைக்கு வந்தபின் வேகக் குறைவுக்கும் திரையின் மந்தத்துக்குமே பேசப்பட்டது. விலையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குள் கருவியை அடைக்க முயன்றால் இப்படித்தான் ஆகும்.

இன்று அதைவிடக் கவலைக்குரியது பாதுகாப்பு. கூகுளின் 'பிளே புரொடெக்ட்' பாதுகாப்புச் சான்று பெறாத மலிவு ஆண்ட்ராய்டு கருவிகளில், பெட்டியைப் பிரிக்கும் முன்பே தீநிரல் பதிந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. 'பேட்பாக்ஸ் 2.0' என்ற பெயரில் இத்தகைய கருவிகளின் வலைப்பின்னல் ஒன்று இயங்குவதாக அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது. குழந்தையின் கையில் இருக்கும் விளையாட்டுக் கருவியும் உங்கள் வீட்டு வைஃபையில்தான் இணைகிறது.

இரண்டு இடங்களில் பாருங்கள். டேப்லெட்டுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். கருவியிலோ பெட்டியிலோ ஆர் என்ற எழுத்தை அடுத்து எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால், எந்த நிறுவனத்துக்கு எந்தப் பொருளுக்கு வழங்கியது என்பது தெரிந்துவிடும். அடுத்து, பிளே ஸ்டோரின் அமைப்புகளில் "அறிமுகம்" என்ற பகுதியில் கருவி சான்று பெற்றதா என்று காட்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். பேரனுக்கு ஒரு நல்ல சைக்கிள் அதே விலைக்கு வரும் என்பதையும் ஆசிரியர் ஒருவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: இணையத்தில் வாங்கிய டேப்லெட்டின் திரையில் பன்னிரண்டாம் நாள் கோடுகள் விழுந்துவிட்டன. விற்றவர், மாற்றித் தரும் காலமான 7 நாள் கடந்துவிட்டது என்கிறார். சர்வீஸ் சென்டரிலோ, நான் கீழே போட்டதால் வந்த சேதம் என்கிறார்கள். திரையில் கீறல்கூட இல்லை. என்ன செய்வது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: ஏழு நாள் என்பது விற்பனைத் தளம் தானாக வகுத்துக்கொண்ட வசதிக்காலம், உற்பத்தியாளரின் உத்தரவாதம் அதனோடு முடிந்துவிடாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனையாளருக்குச் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்ளவும் ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் அவர் கடமைப்பட்டவர்.

சர்வீஸ் சென்டரில் வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். என்ன சேதம், எந்த இடத்தில், எதைக் கொண்டு அவ்வாறு முடிவு செய்தார்கள் என்பதைப் பணிச்சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். ஒப்படைக்கும் முன் கருவியை நாற்புறமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதன் பிறகும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்யலாம். அங்கு நடப்பது சமரச முயற்சியே தவிரத் தீர்ப்பு அன்று. தீர்ப்பு வேண்டுமானால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் தஞ்சாவூருக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பொருளுக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்ய இயலும். கோடுகள் உற்பத்திக் குறையால் வந்தவையா, விழுந்ததால் வந்தவையா என்பதை ஆய்வகத்துக்கு அனுப்பி அறியும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. அந்த ஆய்வுக்கான கட்டணத்தை மட்டும் முதலில் நீங்கள் செலுத்த வேண்டியிருக்கும்.

அதுவரை அக்கம்பக்கத்துக் கடையில் திரையைக் கழற்றிப் பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை பிரித்துவிட்டால் குறை யாரால் வந்தது என்பதை மெய்ப்பிப்பது ஆய்வகத்துக்கும் கடினமாகிவிடும்.