பழைய கிளாசிக் நாவல்கள்ல இழிவான வார்த்தை இருந்தா தடை பண்றது சரியா?

தடைன்னு பொதுவா சொல்லிடறோம், ஆனா விக்கவே கூடாதுங்கறது வேற, ஸ்கூல் பாடத்துலேர்ந்து எடுக்கறது வேற, ரெண்டையும் போட்டு குழப்பிக்கறதாலதான் பாதி சண்டையே. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனோட ஹக்கிள்பெரி ஃபின் நாவலையே எடுத்துக்கோங்க, அங்க அடிமை முறை இருந்த காலத்துக் கதை, 1885லயே அமெரிக்காவுல கான்கார்ட் ஊர் லைப்ரரி அதைத் தூக்கிடுச்சு, காரணம் இனவெறி இல்லைங்க, பேச்சு கொச்சையா இருக்காம்! அதே புக்கு, காலத்துக்குத் தகுந்த மாதிரி குத்தம் மட்டும் மாறுது. இப்போ பிரச்சனை கறுப்பின மக்களை இழிவா சொல்ற அந்த வார்த்தை, 200 தடவைக்கு மேல வருது. 2011ல வந்த ஒரு பதிப்புல அதை 'அடிமை'ன்னு மாத்திட்டாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்கல, ஏன்னா அடிமைங்கறது ஒருத்தரோட நிலைமை, இது வசவு, வசவை எடுத்துட்டா அந்தக் காலத்து ஆளுங்க எவ்ளோ சர்வசாதாரணமா கொடூரமா பேசினாங்கன்னே தெரியாம போயிடும். அதுக்காக, கிளாஸ்ல அதை சத்தமா படிக்கறப்போ தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கிற கறுப்பினப் பையனோட வலி பொய்யா? இல்ல. அதனால புக்கைத் தூக்கறதைவிட எந்த வயசுல கொடுக்கறோம், டீச்சர் என்ன சொல்லி ஆரம்பிக்கறாங்கங்கறதுதான் முக்கியம். நானா இருந்தா 15, 16 வயசுக்கு மேல, ஒரு எழுத்தும் மாத்தாம கொடுப்பேன்.