ஒரே நிறுவனத்தை நம்பி நிற்கும் தையல் யூனிட்

கேள்வி: திருப்பூரில் நான்கு ஓவர்லாக், இரண்டு பேட்லாக் இயந்திரங்களுடன் பவர்டேபிள் யூனிட் (பனியன் நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் கூடம்) நடத்துகிறேன். ஒரே நிறுவனம்தான் ஜாப் ஒர்க், அதாவது கூலி வேலை, தருகிறது. அங்கே ஆர்டர் குறைந்தால் எங்களுக்கு வாரக்கணக்கில் வேலை இல்லை. தொழில் தொடர்புக் குழு ஒன்றில் சேர ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். சேரலாமா? நல்ல கூட்டாளிகளை எங்கே தேடுவது?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சந்தா கட்டுவதற்கு முன், துணி உங்களிடம் வரும் முன்பும் தைத்த பீஸ் வெளியே போன பின்பும் யார் யார் கையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரே பனியன் பல கூரைகளின் கீழ் நகரும் ஊர் திருப்பூர். இந்த வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் இருப்பவர்களே உங்களுக்கு வேலை சொல்லி அனுப்பக் கூடியவர்கள். பல நிறுவனங்கள் தைப்பதற்காக வெட்டிய துணிகளைக் கையாளும் பிரிண்டிங் யூனிட்காரரின் காதில்தான், தைக்க ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு முதலில் விழும்.

அடுத்த தெருவில் இருக்கும் யூனிட்டைப் போட்டியாகவே பார்க்க வேண்டாம். ஆறு இயந்திரங்களால் எடுக்க முடியாத ஆர்டரை மூன்று யூனிட்டுகள் பிரித்து எடுக்கலாம். ஆனால் மனத்தாங்கல் வருவதும் இங்கேதான். கட்டோடு வரும் சீட்டில் நூறு என்று எழுதியிருக்க, உள்ளே 97 பீஸ் மட்டும் இருந்து, அதை எண்ணாமல் வாங்கிவிட்டால், குறைந்த மூன்றுக்கும் உங்கள் பில்லில் டெபிட் விழும்; தொலைத்தது யார் என்று மூவருக்குள்ளும் பேச்சு முற்றும். எனவே பீஸ் கைமாறும் ஒவ்வொரு முறையும் எண்ணி, சலானில் இருவரும் கையெழுத்திடும் வழக்கத்தைச் உறவினரிடம்கூடத் தளர்த்தாதீர்கள்.

புதிய நிறுவனத்திடம் வேலை எடுக்கும் முன்பே, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முடித்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள், உங்களுக்குப் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாகச் சேரும். கூலியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர் எவ்வளவு பெரிய ஆர்டர் தந்தாலும் கூட்டாளி ஆகமாட்டார் என்பது என் உறுதியான கருத்து.

பவர்டேபிள் உரிமையாளர்கள் சங்கத்தில் நீங்கள் இன்னும் உறுப்பினர் இல்லையென்றால், முதலில் அங்கே சேருங்கள். பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவுடன் தையல் கூலி உயர்வு பேசுகிற அமைப்பு அது. உங்களைப் போலவே இயந்திரம் வைத்திருப்பவர்களை அங்கே சந்திப்பீர்கள். சந்தா கேட்கும் குழுவைப் பொறுத்தவரை, இத்தகைய குழுக்கள் பலவற்றில் ஒரு தொழிலுக்கு ஒருவரை மட்டுமே சேர்ப்பார்கள் என்றாலும், விருந்தினராக வந்து பார்க்க அனுமதிப்பதுண்டு. ஓரிரு கூட்டங்களுக்குச் சென்று, அங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் பின்னலாடைத் தொழிலோடு தொடர்புள்ளவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான்கைந்து பேர்கூட இல்லையென்றால், அந்தத் தொகையை இன்னொரு பேட்லாக் வாங்கச் சேர்த்து வைப்பதே நல்லது.