நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் இரண்டே நாளில் காடு, கோட்டை, கடல் பார்க்க முடியுமா?

முடியும். முதல் நாள் விடிகாலையிலேயே பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளம் போய்விடுங்கள். பிப்ரவரி, மார்ச் என்றால் ரொம்ப நல்லது. குளத்துக்குள் மட்டுமல்ல, தெருவில் வீட்டு வாசல் மரங்களிலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். கீழே எச்சம் வெள்ளையடித்த மாதிரி கிடந்தாலும் ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. இந்த ஊரை அவசரமாகப் பார்க்காதீர்கள்.

அப்புறம் பாபநாசம் வழியாக முண்டந்துறைக் காடு. களக்காட்டையும் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகமானது. ஆடி அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள். சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டம் காட்டை நிறைத்துவிடும்.

மறுநாள் பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மனின் கோட்டையை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இப்போது நிற்பது 1974-இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. சாயங்காலம் மணப்பாடு கடற்கரை. மன்னார் வளைகுடாத் தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது, சரியா?