ஹாஸ்டல் வைராக்கியம் புதன்கிழமையோடு ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: எனக்கு 19 வயது. கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஹாஸ்டல் வாசம். உயரம் 158 செ.மீ. சேரும்போது 52 கிலோ இருந்தேன், இப்போது 59. எந்நேரமும் அசதி, முடி வேறு கொட்டுகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் சாதத்தை விட்டுவிட்டு வெள்ளரிக்காய், கிரீன் டீ என்று ஆரம்பிப்பேன். புதன்கிழமை ராத்திரி ரூம்மேட்டுகளோடு சேர்ந்து பரோட்டாவோ பிரியாணியோ ஆர்டர் போட்டுவிடுகிறேன். அப்புறம் ‘இனிமேல் என்ன’ என்று அந்த வாரமே போய்விடும். மெஸ் சாப்பாட்டையும் வாயில் வைக்க முடியவில்லை. எனக்கு மன உறுதியே இல்லையா டாக்டர்? ஆர்வம் குறையாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: வெறும் வெள்ளரிக்காயையும் கிரீன் டீயையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் வகுப்புக்கும் லேபுக்கும் போய் வந்திருக்கிறீர்கள். மன உறுதி இல்லாதவரால் இது முடியாது. உங்களுக்குக் குறைவது சாப்பாடு, குறிப்பாகப் பகல் சாப்பாடு.

ஹாஸ்டல் பிள்ளைகள் பலருடைய நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துகிறதா பாருங்கள். ராத்திரி ஒன்றரைக்குப் படுக்கை. காலையில் வகுப்புக்கு அரை மணி நேரம் இருக்கும்போது எழுந்து ஓட்டம். மெஸ்ஸில் வரிசையில் நிற்க நேரமில்லை, ஒரு டீ, ரெண்டு பிஸ்கட். மதியம் அரைகுறை. மாலை கேன்டீனில் ஒரு பப்ஸ். ஏழரைக்கு மெஸ்ஸில் ‘இன்னிக்கும் இதேவா’ என்று ஒரு சப்பாத்தியோடு எழுந்துவிடுவது. அதன் பிறகு ஆறு மணி நேரம் விழித்திருக்க வேண்டும். பதினொன்றரைக்குப் பசி வயிற்றைக் கிள்ளும்போது யாராவது போனை எடுத்து ‘என்ன சொல்லலாம்?’ என்று கேட்டால், யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்தப் பதினொன்றரை மணிப் பசி, காலையில் விட்ட இட்லியின் பாக்கி. அது வட்டியோடு வந்து நிற்கும்போது வைராக்கியத்தைக் காட்டிச் சமாளிக்கப் பார்க்கிறீர்கள். திங்கட்கிழமை சாதத்தையும் நிறுத்திவிடுவதால் பாக்கி இன்னும் ஏறுகிறது. புதன்கிழமை வரை தாங்கியதே பெரிய விஷயம்.

தூக்கமும் இதில் கூட்டுச் சேர்கிறது. 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தினர் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் ஏறியது, ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் இறங்கியது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள்மீது ஆசையும் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் செமஸ்டர் தேர்வு வாரத்தில் எந்த ஹாஸ்டல் வராந்தாவிலும் சிப்ஸ் பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

ஆகவே ஆர்வத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விடுங்கள். அது வரும், போகும். அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு வேலை: காலை டிபனை மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுவது. வேறு எதையும் மாற்ற வேண்டாம். சாதம் சாப்பிடலாம், டீ குடிக்கலாம். தனியாக எழுந்து போவது கஷ்டம் என்றால், காலையில் தவறாமல் மெஸ்ஸுக்குப் போகும் தோழி ஒருத்தி உங்கள் தளத்திலேயே இருப்பாள். கதவைத் தட்டச் சொல்லிவையுங்கள். ‘நான் டயட்டில் இருக்கிறேன்’ என்று மட்டும் யாரிடமும் அறிவிக்காதீர்கள். அறிவித்தால் நாலு பேர் பப்ஸை நீட்டிச் சோதனை வைப்பார்கள்.

அடுத்தது புரதம். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 45 முதல் 50 கிராம் தேவை. வயிறு நிறைந்த உணர்வு நீடிப்பதற்கு இதுதான் கைகொடுக்கும். ஹாஸ்டல் தட்டில் அரிசியும் மாவும் தாராளமாக விழும், பருப்பு தேடினாலும் கிடைக்காது. சாம்பார் வாளியைக் கவனித்திருக்கிறீர்களா? மேலே தெளிவாக நிற்பது வெறும் புளித்தண்ணீர், பருப்பெல்லாம் அடியில். பரிமாறுகிறவரிடம் ‘அண்ணா, அடியிலிருந்து ஒரு கரண்டி’ என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். கூட்டு இருக்கும் நாளில் இரண்டாம் முறையும் வாங்குங்கள். முதலில் பொரியலும் கூட்டும் பாதி உள்ளே போகட்டும், பிறகு சாதத்தைப் பிசையுங்கள். தயிரை விடாதீர்கள். முட்டை சாப்பிடுவீர்களானால் ஒன்றில் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை போடும் நாளில் அதற்காகவாவது மெஸ்ஸுக்குப் போய்விடுங்கள்.

அறையில் ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கலந்து ஒரு கைப்பிடி, கூட ஒரு வாழைப்பழம். மாலை ஐந்து மணிக்கு இது உள்ளே போனால், ராத்திரி ஏழரைக்கு மெஸ் சாப்பாட்டை நிதானமாகப் பார்க்க முடியும். படிப்பதற்காக நீங்கள் ஒரு மணி வரை விழித்திருந்தே ஆக வேண்டிய நாளில் பத்தரைக்கு இன்னொரு கைப்பிடி. பட்டினியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம். இந்த டப்பாவில் மிக்சர் மட்டும் நுழையக் கூடாது. நுழைந்தால் கடலை அடியில் தங்கிவிடும்.

மெஸ் மெனு வாரா வாரம் பெரும்பாலும் அதேதானே? ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டவணையைப் போனில் படம் எடுத்துப் பாருங்கள். உங்களால் சாப்பிடவே முடியாதது உண்மையில் வாரத்துக்கு மூன்று நான்கு வேளைதான் இருக்கும். அந்த வேளைகளுக்கு மட்டும் மாற்று என்ன என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள்: செவ்வாய் ராத்திரி உப்புமா என்றால் கேன்டீனில் இரண்டு தோசை, ஒரு ஆம்லெட். பசித்த பிறகு யோசித்தால் பரோட்டா என்றுதான் தோன்றும்.

பரோட்டாவுக்கும் வருகிறேன். தோழிகளோடு வாரத்தில் ஒரு நாள் போய் வாருங்கள், அதில் எந்தத் தவறும் இல்லை. இரண்டோடு நிறுத்தி, கூடவே ஒரு முட்டையோ கறியோ எடுத்துக்கொள்ளுங்கள். கூட வரும் கூல்டிரிங்க்ஸை மட்டும் தவிர்க்கலாம். 250 மி.லி. பாட்டில் ஒன்றில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மறுநாள் காலை வழக்கம்போல டிபனுக்குப் போய்விட வேண்டும். பரிகாரமாகப் பட்டினி கிடந்தால் மறுபடியும் புதன்கிழமை வந்துவிடும்.

இனி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அசதியும் முடி கொட்டுவதும். எடையைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கல்லூரி மருத்துவ மையத்திலோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கூடவே தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். பரிசோதனையும், நீங்கள் சைவமாக இருந்தால் வைட்டமின் பி12ம் பார்த்துவிடுவது நல்லது. மாதவிடாய் தள்ளிப்போகிறதா, அதிக ரத்தப்போக்கு இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தசோகை இருந்தால் மாத்திரை தேவைப்படும், கீரையும் பேரீச்சையும் மட்டும் போதாது. நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு: டீ, காபி, கிரீன் டீ எதுவானாலும் சாப்பாட்டோடு வேண்டாம். அதிலுள்ள டானின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

எடையைப் பொறுத்தவரை, உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண், இப்போது 23.6. இந்தியர்களுக்கு 23க்குமேல் போனால் கவனிக்கச் சொல்கிறோம். இரண்டு கிலோ குறைந்தால் அந்தக் கோட்டுக்கு வந்துவிடுவீர்கள். ஒரு செமஸ்டர் எடுத்துக்கொண்டால்கூட அவசரமில்லை. எடை மெஷினில் மாதம் ஒரு முறை ஏறினால் போதும்.

கடைசியாக ஒன்று. ராத்திரியில் நிறுத்தவே முடியாமல் சாப்பிடுவது, பிறகு குற்ற உணர்ச்சியில் வாந்தி எடுப்பது, யாரும் பார்க்காமல் சாப்பிடுவது, இப்படி ஏதாவது இருந்தால் மேலே சொன்ன யோசனைகள் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.