கலவரக் காலத்துக்குத் தயாராக எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

உள்நாட்டுக் கலவரம் வந்தால் சாதாரணக் குடும்பம் எப்படிச் சமாளிப்பது, முதலில் எதைப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயுதப் படம் போட்ட அட்டையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கலவர நாட்களில் பெரும்பாலானோர் சந்திப்பது துப்பாக்கிச் சண்டையை அல்ல; ஊரடங்கு, மூடிய கடைகள், துண்டிக்கப்பட்ட இணையம், தீர்ந்துபோன மாத்திரை, இவற்றைத்தான். இவற்றுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறது என்று பொருளடக்கத்தில் பாருங்கள்.

நான் முதலில் கையில் கொடுப்பது ஸ்வீடன் அரசு 2018-ல் வீடுதோறும் அனுப்பிய 'நெருக்கடியோ போரோ வந்தால்' என்ற சிறு கையேடு. 2024-ல் புதுப்பித்திருக்கிறார்கள். இணையத்தில் இலவசம், ஆங்கிலத்திலும் உண்டு. தண்ணீர், உணவு, வதந்தியை அடையாளம் காண்பது எல்லாம் சுருக்கமாக இருக்கும். அப்புறம் ஒரு நல்ல முதலுதவிப் புத்தகம். இரத்தப்போக்கை நிறுத்தும் பகுதி படங்களோடு இருக்க வேண்டும். அதைப் படித்தால் மட்டும் போதாது, ஒரு பயிற்சி வகுப்பிலும் கைப்பழக்கம் செய்துகொள்ளுங்கள். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீடு என்றால், உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தைச் சோதிக்க எளிய வழி, கண்ணீர்ப்புகை பற்றிய பக்கம். காற்றோட்டமான இடத்துக்கு நகருங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள், சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள் என்றால் சரி. பற்பசை தடவச் சொன்னால் மூடி வைத்துவிடுங்கள். அக்கம்பக்கத்தாரை எதிரியாகவே காட்டும் நூலும் வேண்டாம். ஆபத்தில் முதலில் ஓடி வருபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.